அண்ணன் ஏற்றிய விளக்கு: ருகையா சகாவத் ஹுசைன்



மழை பொய்த்தால் வானம் பார்த்து நிற்கும் சேலம், நாமக்கல் மானாவாரி நிலங்களை அறிந்தோர்க்கு இந்தக் கதை எளிதில் விளங்கும். ஒரு நாட்டுப் பெண்கள் முகில்களுக்கு மேலே பெரிய பலூனை மிதக்கவிட்டு, குழாய்கள் வழியே வேண்டிய நீரை இறக்கிக்கொள்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். படையெடுத்து வந்த பகைவரைச் சூரியக் கதிர்களைக் குவித்தே விரட்டுகிறார்கள். ‘சுல்தானாவின் கனவு’ என்னும் இந்த அறிவியல் புனைகதை, சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில இதழில் 1905இல் வெளியானது. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்படுவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பு! எழுதியவர் ஒரு முஸ்லிம் பெண்மணி.

ருகையா 1880இல், இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூரை அடுத்த பைராபந்த் கிராமத்தில், ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். அண்ணன்மார் கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வி பெற்றனர். பெண்மக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீடு உறங்கிய பின், இரவு விளக்கொளியில் தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளமும் கற்பித்தவர் அண்ணன் இப்ராஹீம் ஸாபிர். திருமணத்திற்குப் பின் எழுதத் தூண்டியவர், பாகல்பூரில் அரசு அதிகாரியாக இருந்த கணவர் சகாவத் ஹுசைன். பெண்கள் பள்ளிக்கெனப் பணமும் ஒதுக்கி வைத்தார்.

கதையில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். அது அங்கதம். அதன் உட்பொருள் ஒன்றே: அந்நாட்டின் வலிமை அங்குள்ள பெண்கள் பல்கலைக்கழகங்களில் பிறந்தது.

1909இல் கணவர் மறைந்தார். அதே ஆண்டு பாகல்பூரில் 5 மாணவியருடன் அவர் பெயரிலேயே பள்ளி தொடங்கினார் ருகையா. 1911இல் அது கல்கத்தாவுக்கு மாறியபோது மாணவியர் 8 பேர். வீடு வீடாகச் சென்று பெற்றோரை வேண்டினார். அவர்கள் தயங்காதிருக்கத் திரையிட்ட வண்டியும் அமர்த்தினார். தாமும் பர்தா பேணியவரே. அதன் பெயரால் கல்வி மறுக்கப்படுவதையே எதிர்த்தார். 1932 டிசம்பர் 9 அன்று மறையும்வரை அப்பணியை அவர் விடவில்லை.

கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆனால் நல்ல வரன் வந்துவிட்டது என்பதற்காக, பன்னிரண்டாம் வகுப்போடு மகளின் படிப்பை நிறுத்தும் வீடுகள் இன்றும் நம்மிடையே உண்டு. ருகையாவுக்கு ஓர் அண்ணன் விளக்கேற்றினார். ஒரு கணவர் அதை அணையாமல் காத்தார். நம் வீட்டுப் பெண்மக்களுக்கு நாம் யார்?

அல்லாஹ் அன்னாரின் நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.