விருந்தாளிகள் நிறைந்த இரண்டு இறுவட்டுகள்

இம்மாத வரலாற்று உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஹிப்ஹொப் இசை. எமது மூத்த நேயர்களில் பலருக்கு இது பிள்ளைகளின் அறைக் கதவுக்குப் பின்னால் அதிரும் சத்தம் என்ற அளவிலேயே பழக்கம். இந்த இசையை நீங்கள் விரும்ப வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. 2007ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு இறுவட்டுகளின் கதையைச் சொல்லப் போகிறேன். ஒன்றை உருவாக்கியவர் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துக் கறுப்பினத் தயாரிப்பாளர். மற்றதை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். இந்த இரண்டாவது இறுவட்டில் நாம் வாழும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துச் சிறுவர்களின் குரலும் இருக்கிறது.

முதலில் ஒரு சிறு விளக்கம். ஹிப்ஹொப் உலகில் 'தயாரிப்பாளர்' என்றால் பணம் போடுபவர் அல்லர். தாளத்தையும் மெட்டையும் கட்டி, பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டி, பாட்டின் உடலை உருவாக்குபவர் அவர். எங்கள் பாஷையில் சொன்னால் இசையமைப்பாளர். தமிழர்களாகிய எமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் ஒலிநாடாக் கடைக்குப் போய் "இளையராஜா பாட்டு இருக்கா?" என்று கேட்டு வாங்கியவர்கள் நாங்கள். பாடியவர் பாலசுப்பிரமணியமா, ஜேசுதாசா, ஜானகியா என்பது அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் நிலைமை பெரும்பாலும் மறுதலை. அட்டையில் பாடகரின் படமும் பெயரும் பெரிதாக இருக்கும். இசையமைத்தவர் உள்ளே சிறிய எழுத்தில் இருப்பார்.

அந்த வழக்கம் மெல்ல மாறியது. 1988இல் நியூயோர்க்கைச் சேர்ந்த மார்லி மார்ல் என்ற தயாரிப்பாளர், தன் பெயரைப் போட்டு, ராப் பாடகர்கள் பலரை அழைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டு, நீண்ட அனுபவம் கொண்ட குயின்சி ஜோன்ஸ் 'பாக் ஒன் த புளொக்' என்ற தொகுப்பில் எல்லா ஃபிற்ஸ்ஜெரால்ட், சாரா வோன் போன்ற ஜாஸ் இசையின் மூத்த பாடகிகளையும் இளைய ராப் பாடகர்களையும் ஒரே இடத்தில் சேர்த்தார். தயாரிப்பாளர் வீட்டுக்காரர், பாடகர்கள் விருந்தாளிகள் என்ற முறை இப்படித்தான் வேரூன்றியது.

இனி 2007க்கு வருவோம். அந்த ஏப்ரல் மாதம் 'ஷாக் வேல்யூ' வெளியானது. உருவாக்கியவர் ரிம்பலாண்ட், இயற்பெயர் திமொதி மோஸ்லி. அப்போது அவர் புகழின் உச்சியில் இருந்தார். முந்திய ஆண்டில் நெலி ஃபர்ராடோவுக்கும் ஜஸ்ரின் ரிம்பர்லேக்குக்கும் அவர் செய்து கொடுத்த பாட்டுகள் உலகெங்கும் ஒலித்திருந்தன. தன் பெயரில் இறுவட்டு போட்டபோது அவர்கள் இருவரையும் அழைத்தார். மிசி எலியட், டொக்ரர் ட்ரே, 50 சென்ற், பிரித்தானியாவின் எல்ரன் ஜோன், சுவீடனின் ஹைவ்ஸ் என்ற ரொக் குழு என்று விருந்தாளிப் பட்டியல் நீண்டது.

வரவேற்பு இரண்டு விதமாக இருந்தது. விற்பனையில் குறையில்லை. அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் இறுவட்டு ஐந்தாம் இடம் வரை போனது. 'கிவ் இற் ரு மீ' என்ற பாட்டு அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பிடித்தது. வன்ரிபப்ளிக் குழுவின் 'அபொலொஜைஸ்' என்ற பாட்டை ரிம்பலாண்ட் மெருகேற்றிச் சேர்த்தார்; அது அவுஸ்திரேலியாவிலும் முதலிடத்துக்கு வந்தது. அந்தக் கோடையில் கடைத்தொகுதிக்குள் போனவர்கள் எவரும் அதைக் கேட்காமல் வெளியே வந்திருக்க முடியாது. ஆனால் விமர்சகர்கள் முழுமனதோடு பாராட்டவில்லை. தாளக்கட்டு சிறப்பு என்றார்கள். ரொக் குழுக்களோடு செய்த பாட்டுகள் ஒட்டவில்லை, விருந்தாளிகள் கூடிப்போய் வீட்டுக்காரரின் முகம் தெரியவில்லை என்று குறைப்பட்டார்கள். புகழ் பெற்றவர்களாகப் பார்த்து அழைத்தால் கூட்டம் சேரும்; பந்தியில் ஒருவரோடு ஒருவர் கதைப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இனி மற்ற இறுவட்டு. அதன் பெயர் 'கலா'. அது ஒரு தாயின் பெயர்.

மாதங்கி அருட்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டவர். தந்தை அருளர், ஈரோஸ் இயக்கத்தின் தொடக்க காலத்தவர்களுள் ஒருவர், 2019இல் காலமானார். போர் மூண்ட காலத்தில் தாயார் கலா பிள்ளைகளோடு இடம் மாறி மாறி வாழ்ந்து, சென்னையிலும் சில காலம் இருந்து, 1986இல் லண்டனுக்கு அகதியாகப் போனார். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகள் எம்.ஐ.ஏ என்ற பெயரில் பாடகியானார். 2005இல் வந்த முதல் இறுவட்டுக்குத் தகப்பன் பெயரை வைத்தார்: 'அருளர்'. இரண்டாவதற்குத் தாயின் பெயர். நேயர்களில் எத்தனை பேருடைய குடும்பக் கதை இதற்குள் அடங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது இறுவட்டை அமெரிக்காவில், ரிம்பலாண்டோடு இணைந்து செய்வதென்பதே முதல் திட்டம். 2006இல் அமெரிக்கா அவருக்கு விசா மறுத்தது. வீசா மறுப்புக் கடிதத்தின் கனம் எமக்குத் தெரியும். பலருடைய வாழ்க்கை அந்த ஒரு தாளோடு நின்றுபோயிருக்கிறது. இவர் வேறு வழி எடுத்தார். லண்டன் தயாரிப்பாளர் ஸ்விட்ச் என்பவரோடு சேர்ந்து, தானே இணைத் தயாரிப்பாளராகி, கதவு திறந்திருந்த நாடுகளுக்குப் போனார். இந்தியா, ரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, ஜப்பான், அவுஸ்திரேலியா என்று பயணம் நீண்டது. சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்துத் தாளங்களைப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'போய்ஸ்' ஆகிய பாட்டுகளில் கேட்பது அந்த உறுமிதான். கோயில் திருவிழாவிலும் செத்தவீட்டிலும் ஒலிக்கும் வாத்தியம், நகரத்துச் சபாக்களில் இடம் கிடைக்காத வாத்தியம், லண்டன் நடன மண்டபங்களுக்குப் போனது. 'பம்பூ பங்கா' என்ற முதல் பாட்டில் 'தளபதி' படத்து இளையராஜா பாட்டொன்றின் துண்டு வருகிறது. லண்டனில் வாழ்ந்த நைஜீரியக் குடும்பத்து இளைஞரான ஆபிரிக்கன் போய் ஒரு பாட்டில் சேர்ந்து பாடினார்.

அவுஸ்திரேலியப் பங்கு வந்த கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிட்னியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 950 கிலோமீட்டர் தொலைவில், டார்லிங் ஆற்றங்கரையில் வில்கானியா என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஆற்றை அங்குள்ள பார்கின்ஜி பூர்வகுடி மக்கள் 'பாக்கா' என்று அழைக்கிறார்கள். மோர்கனிக்ஸ் என்ற சிட்னி ஹிப்ஹொப் கலைஞர் தொலைதூர ஊர்களில் சிறுவர்களுக்குப் பட்டறைகள் நடத்திவந்தார். அப்படி நடந்த ஒரு பட்டறையில் வில்கானியாவின் ஐந்து சிறுவர்கள், ஆற்றில் குளிப்பதையும் மீன் பிடிப்பதையும் பற்றித் தாங்களே ஒரு பாட்டுக் கட்டினார்கள். பின்னணியில் டிஜெரிடூ. 2002இல் 'டவுன் ரிவர்' என்ற அந்தப் பாட்டை ட்ரிபிள் ஜே வானொலி ஒலிபரப்ப, நாடு முழுவதும் கேட்டது. தங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் வில்கானியா மொப்.

அந்தப் பதிவோடு தன் வரிகளையும் சேர்த்து எம்.ஐ.ஏ 'மாங்கோ பிக்கிள் டவுன் ரிவர்' என்று 'கலா'வில் வைத்தார். மாங்காய் ஊறுகாயும் பாக்கா ஆறும் ஒரே தலைப்பில்! வில்கானியா மொப் என்ற பெயரையும் பாட்டின் தலைப்போடு சேர்த்தே அச்சிட்டார். இது சின்ன விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் ஹிப்ஹொப் வரலாற்றில் பெயர் போடாமல் எடுத்தாண்ட கதைகளுக்குக் குறைவில்லை. 2002இல் அமெரிக்காவில் வெற்றி பெற்ற 'அடிக்டிவ்' என்ற பாட்டில் லதா மங்கேஷ்கரின் குரல் ஓடியது; மூலப் பாட்டுக்கு இசையமைத்த பப்பி லஹிரியின் பெயர் இல்லை. வழக்குப் போய், அவர் பெயரைப் போடும்வரை விற்பனையை நிறுத்தும்படி 2003இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. ரிம்பலாண்ட் இசையமைத்து ஜே-சீ பாடிய 'பிக் பிம்பின்' பாட்டின் குழலோசை, 1950களின் எகிப்திய இசையமைப்பாளர் பலீக் ஹம்தியின் மெட்டு. அவருடைய வாரிசு 2007இல் தொடுத்த வழக்கு எட்டு ஆண்டுகள் இழுபட்டு, 2015இல் தள்ளுபடியானது. அகப்பட்ட துண்டாக வருவதும் பெயரோடு விருந்தாளியாக வருவதும் ஒன்றல்ல.

'கலா' 2007 ஓகஸ்டில் வெளியானது. இடையில் விசாச் சிக்கல் தீர்ந்திருந்ததால், ரிம்பலாண்டோடு செய்த ஒரு பாட்டும் கடைசியில் சேர்ந்தது. 'கம் அரவுண்ட்' என்ற அதே பாட்டு 'ஷாக் வேல்யூ'வின் சில வெளிநாட்டுப் பதிப்புகளிலும் கூடுதல் பாட்டாக வந்தது. விசித்திரம் என்னவென்றால், பெருந்தயாரிப்பாளரின் அந்தப் பாட்டைத்தான் 'கலா'வின் பலவீனமான இடம் என்று விமர்சகர் பலர் எழுதினார்கள். மற்றபடி பாராட்டு மழை. ரோலிங் ஸ்ரோன் இதழ் அதை அவ்வாண்டின் சிறந்த இறுவட்டாகத் தெரிந்தெடுத்தது. 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டு மெதுவாகப் பரவி, 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு வந்தது. பிறகு 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்திலும் ஒலித்தது. குடிவரவாளர்களைக் கண்டு மற்றவர்கள் கொள்ளும் பயத்தைக் கேலி செய்த பாட்டு அது. அதிலுள்ள துப்பாக்கிச் சத்தத்தைச் சில தொலைக்காட்சிகள் வெட்டிப் போட்டன.

எமது வீடுகளில் கிடைத்த வரவேற்பு வேறு. என் காதில் விழுந்தவை பல. "இது பாட்டா, இரைச்சலா?" என்றார்கள் சிலர். "உடுப்பும் ஆட்டமும் எங்கட பண்பாட்டுக்குச் சரிவராது" என்றார்கள் வேறு சிலர். "அந்தப் பிள்ளை எங்களைப் பற்றி வெளியில கதைக்குது, அது போதும்" என்றவர்களும் இருந்தார்கள். 2009இன் தொடக்கத்தில், வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் எம் மக்களின் நிலையைச் சொன்னார். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் நாங்கள் பதாகையோடு தெருவில் நின்ற நாட்கள் அவை. இலங்கை அரச தரப்பு அவரைப் பயங்கரவாத ஆதரவாளர் என்று சாடியது. அதன் பிறகு அவருடைய பாட்டைப் பாட்டாகக் கேட்டுக் கதைப்பவர்கள் எம்மிடையே குறைந்துபோனார்கள். ஆதரவு, எதிர்ப்பு என்ற கதையே மிஞ்சியது. அவருடைய இறுவட்டில் பூர்வகுடிச் சிறுவர்கள் பாடியதை எம்மவரில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? நாம் வாழும் மண்ணின் முதல் உடைமையாளர்களும் ஒரு தமிழ் அகதித் தாயின் மகளும் ஒரே பாட்டில் சேர்ந்த செய்தி, எம் மேடைகளில் பேசப்பட்டு நான் கேட்டதில்லை.

அந்த ஆற்றின் பிற்காலக் கதையையும் சொல்ல வேண்டும். 2015இல் பார்கின்ஜி மக்களின் நில உரிமையை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஆற்றில் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. வில்கானியாவுக்குக் கீழே மெனிண்டியில் 2019 ஜனவரியில் இலட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. 2023 மார்ச்சில் மறுபடியும். சிறுவர்கள் மீன் பிடித்துக் குளித்ததைப் பாடிய பாட்டு, இன்று அந்த ஆறு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சியமாகிவிட்டது. ஊரைவிட்டு வந்த எமக்கு, ஒரு பாட்டு எப்படி ஆவணமாகும் என்பது விளங்கும்.

விருந்தாளிகள் நிறைந்த இறுவட்டு என்ற வடிவம் பின்னர் அவுஸ்திரேலியாவிலும் நிலைத்தது. எம்-பேஸஸ் என்ற தயாரிப்பாளர் பல ராப் பாடகர்களைச் சேர்த்து, மெல்பேர்ணின் ஒபீஸ் ரெக்கோர்ட்ஸ் வழியாக 2010இல் வெளியிட்ட 'குட் கிரேஷஸ்', அவ்வாண்டின் சிறந்த நகர்ப்புற இசை இறுவட்டுக்கான ஆரியா விருதைப் பெற்றது. பாடகருக்கே போய்க்கொண்டிருந்த கவனம், பின்னால் இருந்து தாளம் கட்டுபவருக்கும் கிடைத்தது.

இன்று எங்கள் பிள்ளைகள் படுக்கையறையிலேயே கணினி வைத்துப் பாட்டுத் தயாரிக்கிறார்கள். அப்பம்மாவின் தாலாட்டையும் கோயில் மேளத்தையும் ஒலிப்பதிவு செய்து சேர்க்கிறார்கள். நல்ல காரியம். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். யாருடைய குரலை எடுக்கிறீர்களோ, அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பாட்டின் தலைப்போடு அவர் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்பது, பிள்ளை பாட்டைப் போட்டுக் காட்டினால் முழுவதும் இருந்து கேளுங்கள், யார் யார் பாடுகிறார்கள் என்று விசாரியுங்கள். இந்த நிலையத்துக்கு உங்கள் வீட்டுப் பழைய ஒலிநாடாக்களைக் கொண்டு வரும்போதும் பாடியவர், வாசித்தவர், பதிவு செய்த இடம், ஆண்டு ஆகியவற்றைத் தெரிந்தவரை ஒரு துண்டில் எழுதி உறையினுள் வைத்துவிடுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தால்தான் உண்டு.