அப்பாவின் தொட்டி, மகனின் வயல்

1849-ஆம் ஆண்டு மே மாதம், லண்டன் பிளாக்ஃபிரையர்ஸில் இருந்த மருந்தாளர் சங்கக் கட்டடத்தில், ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களை விட்டார். 12 காலன், ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் பாத்திரம். அடியில் மணலும் சேறும், மீன் ஒதுங்கச் சில கற்கள், ஒரு வாலிஸ்நேரியா செடி. மீன் விடும் கரியமில வாயு செடிக்கு, செடி விடும் ஆக்ஸிஜன் மீனுக்கு. தண்ணீரை மாற்றவே வேண்டியதில்லை என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கு எங்கோ உதைத்தது. செடியின் பழுத்த இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது, வழவழவென்று பச்சைப் பாசி படர்ந்தது. புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்தில் இன்றும் முகம் சுளிக்கிற அதே காட்சிதான். குளத்தில் அழுகும் இலையை யார் அள்ளுகிறார்கள் என்று வாரிங்டன் யோசித்தார். ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று தீர்த்தன. நத்தை இட்ட முட்டைகளையோ மீன்கள் விருந்தாக்கிக்கொண்டன. தண்ணீர் தெளிந்தது. 1850-இல் வேதியியல் சங்கத்தின் இதழில் இதை எழுதினார். 1841-இல் அந்தச் சங்கம் உருவாக முன்னின்றவரும் அவர்தான்.

இந்த யோசனைக்கு முன்பு கடல்வாழ் உயிர்களை வீட்டில் வைத்திருக்க முயன்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. டார்க்கி கடற்கரையிலிருந்து 1846-இல் பவள உயிர்களை லண்டனுக்கு எடுத்துவந்த ஆன்னா தைன் சீமாட்டி, கடல்நீரைத் திறந்த ஜன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்ற வைத்தார். நீரில் காற்று கலக்க அதுதான் வழி. ஊற்றியது அவரல்ல, வீட்டு வேலைக்காரச் சிறுமி. அந்தப் பெண் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் என்று சீமாட்டி பிற்பாடு எழுதினார். சிறுமியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!

பிறகு ஊருக்கே மீன் தொட்டிப் பித்துப் பிடித்தது. கண்ணாடி மீதான வரி 1845-இல் ஒழிந்திருந்ததால் தொட்டி விலை நடுத்தர வர்க்கத்துக்கு எட்டியது. 1853-இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் மீன் இல்லம் திறந்தார்கள். மறு ஆண்டு மீன் தொட்டி பற்றி இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய புத்தகம் வந்தது. கோஸ் வெறும் பிரசாரகர் அல்லர், கண் வைத்துப் பார்த்தவர். தொட்டிச் சுவரில் ஊரும் கடல் நத்தையை உருப்பெருக்கியில் பார்த்தார். பற்கள் வரிசை வரிசையாகப் பதிந்த நாடா போன்ற அதன் நாக்கு ஒவ்வொரு முறை நீண்டு மடங்கும்போதும் பாசிப் படலத்தில் ஒரு வளைந்த கீற்று துடைபட்டது. அரிவாள் வீச்சில் புல் சாய்வது போல, அடுத்தடுத்த வளைவுகளாகக் கண்ணாடி வெளுத்துக்கொண்டே வந்தது.

ஆனாலும் வரவேற்பறைத் தொட்டிகள் நாறின. நாலு பக்கமும் கண்ணாடி, வைத்த இடம் ஜன்னலோரம், அளவுக்கு மீறிய உயிர்கள்: பாசிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? லண்டனில் தொட்டியும் கடல்நீரும் விற்ற வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டின் கடை 1862-இல் திவாலானது. அந்த மனிதர் ஓயவில்லை. 1864-இல் ஹாம்பர்க்கிலும் 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் பெரிய மீன் காட்சியகங்களை அமைத்தார். காட்சித் தொட்டிகளில் இருப்பதைப் போலப் பல மடங்கு நீர் தரைக்கடியில், இருட்டில் கிடந்தது. பம்பு அதை ஓயாமல் மேலும் கீழுமாகச் சுற்றவிட்டது. வெளிச்சம் படாத நீரில் பாசி வராது, சூடும் ஏறாது என்பது அவர் சொன்ன காரணம். நீர் தெளிவாகவே இருந்தது. அதற்கு அவர் சொன்னதைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காரணத்தை மீன் தொட்டியில் எவரும் தேடவில்லை. 1877-இல் பிரான்ஸில் ஷ்லோசிங், மியூண்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியே சாக்கடை நீரை மெல்ல இறக்கினார்கள். 20 நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது. ஆக, வேலை செய்தது மணல் அல்ல, மணலில் குடியேறிய உயிர்கள்.

இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் விவசாய ஆய்வுப் பண்ணையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வாரிங்டனின் மகன். 1838-இல் பிறந்தவர், அப்பாவின் ஆய்வுக்கூடத்திலேயே வேதியியல் கற்றவர். நத்தைகள் தொட்டிக்கு வந்தபோது அவருக்குப் பத்துப் பதினொரு வயது. கோதுமை வயலில் போடும் உரம் வடிகால் நீரோடு எப்படிப் போய்விடுகிறது என்பதுதான் அவருக்குக் கவலை. அம்மோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது, அது பின்னர் நைட்ரேட் ஆகிறது, இரண்டையும் செய்வது வெவ்வேறு உயிர்கள் என்று கண்டார். இருட்டில் வைத்த கரைசலில் இந்த வேலை நடப்பதும் வெளிச்சம் அதைத் தடுப்பதும் அவர் கண்ணில் பட்டன. லாய்டின் இருட்டு நீர்க்கிடங்கு ஏன் அவ்வளவு ஒழுங்காக இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு விடை. நுண்ணுயிரைத் தனியே பிரித்துக் காட்டும் பந்தயத்தில் மட்டும் 1890-இல் வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியலாளர் முந்திக்கொண்டார்.

அப்பா 1867-இலேயே காலமாகிவிட்டார். மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாவைத் தன் தொட்டி மணலில் யார் மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியாமலே போய்விட்டார்.

மண்ணியலாளர் படித்தது மீன்காரர் காதுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. செடியும் மீனும் சமமாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அவ்வளவு கெட்டியாக இருந்தது. 1949-இல் நியூயார்க் மீன் காட்சியகத்தின் ஜேம்ஸ் ஆட்ஸ் அதை வெறும் கட்டுக்கதை என்று எழுதினார். தொட்டிக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பங்கு நீர்ப்பரப்பின் வழியே வருகிறது, இரவில் செடியும் மீனோடு போட்டியிட்டு ஆக்ஸிஜனை எடுக்கிறது என்பது அவர் வாதம். 1950-களில் கூழாங்கல் படுகையின் அடியில் வைக்கும் வடிகட்டி பரவியது. குப்பையைப் பிடிக்க வாங்கினார்கள். கல்லில் குடியேறிய நுண்ணுயிர்கள் சொல்லாமலே மற்றதைப் பார்த்துக்கொண்டன.

இன்று புதுத் தொட்டியில் மீன் விடுமுன் சில வாரம் பொறுக்கச் சொல்வது பிரெஞ்சுக்காரர்களின் குழாய் காத்திருந்த அதே காரணத்துக்காகத்தான். வடிகட்டி ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள் என்பதும் அந்த உயிர்களைக் காப்பாற்றத்தான். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்ற நுண்ணுயிர் என்று நூறாண்டு சொல்லிவந்தார்கள். 1998-இல் டிமோத்தி ஹோவனெக்கும் உடனிருந்தவர்களும் மரபணுவைக் கொண்டு பார்த்தபோது, நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையில் இருந்தது நைட்ரோஸ்பைரா.

கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்தான் சிக்கல். ரோத்தம்ஸ்டெட் வயலில் அது வீணாகிறதே என்று மகன் கவலைப்பட்டார், தொட்டியிலோ அதே பொருள் பாசிக்குத் தீனி. நத்தையோ இறாலோ தின்று கழித்தாலும் அது சுற்றித் திரும்பத் தண்ணீருக்கே வருகிறது. அதனால்தான் தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்ற வாரிங்டனின் கணக்கைக் கைவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு நீரை வாளியில் எடுத்து மாடியில் இருக்கிற ரோஜாத் தொட்டிக்கு ஊற்றுகிறார்கள்.