முப்பது விசைகள்

1961-ஆம் ஆண்டு. அமெரிக்காவில், நியூஹேவன் நகரச் செய்தித்தாளில் ஒரு விளம்பரம்: நினைவாற்றல் பற்றிய ஆய்வுக்கு ஆட்கள் தேவை, ஊதியம் 4 டாலர், வழிச்செலவு 50 சென்ட். நீங்களும் சென்றீர்கள் எனக் கொள்வோம்.

யேல் பல்கலைக்கழக ஆய்வறையில் உங்கள்முன் ஒரு கருவி. 15 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை 30 விசைகள். அடுத்த அறையில் நாற்காலியோடு பிணைக்கப்பட்டிருப்பவர் தவறாக விடையளிக்கும்போதெல்லாம் ஒரு படி கூட்டி மின்னதிர்ச்சி கொடுக்கவேண்டும். 300 வோல்ட்டில் அவர் சுவரில் இடிக்கிறார். பிறகு ஓசையே இல்லை. அருகில் நிற்கும் ஆய்வாளர், "தொடருங்கள்" என்கிறார்.

தொடர்வீர்களா? "மாட்டேன்" என்றுதானே சொல்கிறீர்கள்! ஆனால் அன்று 40 பேரில் 26 பேர் 450 வரை சென்றனர். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், விசையை மட்டும் விடவில்லை. உண்மையில் மின்சாரம் பாயவேயில்லை. அடுத்த அறைக்காரர் நடித்தார். (இப்படி ஏமாற்றலாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. சிலர் நாடகத்தை ஊகித்திருக்கலாம் என்பாரும் உண்டு.)

ஆய்வை நடத்தியவர் ஸ்டான்லி மில்கிராம். யூதப் படுகொலையில் பங்குகொண்ட நாஜி அதிகாரி ஐக்மன், தாம் மேலிடத்துக் கட்டளைக்குப் பணிந்தவரே என்று ஜெருசலேம் நீதிமன்றத்தில் வாதாடியதும் அதே ஆண்டில்தான்.

மில்கிராம் அத்துடன் நிற்கவில்லை. ஆய்வாளர் வெளியேறித் தொலைபேசியில் ஆணையிட்டபோது பணிவு வெகுவாகக் குறைந்தது. சிலர், கூட்டிவிட்டதாகப் பொய் சொல்லிக்கொண்டே மிகக் குறைந்த விசையை அழுத்தினர்! இன்னொரு முறை, உடன் அமர்ந்த இருவர் (இவர்களும் நடிகர்களே) ஒருவர்பின் ஒருவராக மறுத்து எழுந்தனர். அப்போது கடைசிவரை சென்றோர் 40 பேரில் 4 பேரே.

மறுத்தவர்களிடம் பின்னர் கேட்டார்கள்: அவ்விருவர் எழாதிருந்தால்? அப்போதும் தாமாகவே நிறுத்தியிருப்போம் என்றனர், நான்கில் மூன்று பங்கினர்.