ஒவ்வாமை

ஒத்திருத்தல், பொருந்துதல் என்ற பொருளுள்ள 'ஒ' என்னும் வேரிலிருந்து வந்தது 'ஒவ்வு'. அதன் எதிர்மறை ஒவ்வாமை. உடலோடு பொருந்தாமை என்று கொள்ளலாம். 1906இல் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே உருவாக்கிய 'அலர்ஜி' என்ற சொல்லுக்கு ஈடாக இன்று வழங்குகிறது.

இலங்கையின் மடுல்கெல்லத் தோட்டத்துப் பேச்சில் இதே வேர் 'மருந்து ஒத்துக்கல' என்று வரும். மருத்துவ நூலின் ஒவ்வாமை நோயெதிர்ப்புத் தொகுதியின் மிகைவினையை மட்டுமே குறிக்கும். தோட்டத்துச் சொல்லுக்குள் வாந்தி, தலைசுற்று, தடிப்பு எல்லாம் அடங்கும். மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புக்கு உதவுவது, என் கணிப்பில், இந்த அகன்ற பொருள்தான். அங்கே ஐயமே போதும், நிரூபணம் தேவையில்லை. நோயாளி யார், அறிவிப்பவர் யார், மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், திகதி, நேர்ந்தது ஆகியவற்றை எழுதி மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு அனுப்பினால் சரி.

2023 ஜூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் ஊசி ஏற்றியபின் ஓர் இளம்பெண் இறந்தபோது, ஒவ்வாமை செய்திச் சொல்லாயிற்று. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் கேள்விக்குள்ளானது. 'ஒத்துக்கல' என்பதை வெறும் முறைப்பாடாகத் தள்ளிவிடும் மருந்தகங்களிலிருந்து அந்த அதிகாரசபைக்கு எந்த அறிக்கையும் போகாது.