காலம் தாழ்த்திப் போற்றிய சித்திரப்படம்

நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் புகைவண்டியில் நானுஓயா சென்று இறங்குவோர்க்குச் சீதா எலியக் கோயில் புதியதன்று. அந்தச் சீதையின் கதையைச் சித்திரப்படமாக்க விழைந்தவரோ ஒரு ஜப்பானியர். 1983இல் இந்திய அகழாய்வொன்றைப் படம்பிடிக்க வந்த யூகோ சாகோ, இராமாயணத்தில் மனத்தைப் பறிகொடுத்தார். தெய்வமாகிய இராமனுக்கு நடிகரினும் தூரிகையே பொருந்தும் என்பது அவர் கொள்கை. அயல்நாட்டார் இக்காவியத்தைத் தொடுவதா என எதிர்ப்பு எழுந்தது. இந்தியக் கலைஞர் ராம் மோகனின் துணையுடன் ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ ஜப்பானிலேயே உருவாயிற்று. 1993 சனவரியில் டில்லித் திரைப்பட விழாவுக்கு அது வந்தபோது, அயோத்தி மசூதி இடிக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு திங்களே கழிந்திருந்தது. படம் பரவலாக ஓடவில்லை. குற்றம் படத்தினுடையதன்று, காலத்தினுடையது. பின்னர்த் தொலைக்காட்சியில் கண்ட சிறுவரே அதனைத் தமதாக்கிக் கொண்டனர். அவர்கள் வளர்ந்தபின், 2025 சனவரி 24இல், தமிழ் பேசியும் அது இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. சாகோ 2012இலேயே மறைந்திருந்தார். ராம் மோகன் 2019இல்.