சாலை: ஒரு சொல்லும் ஒரு கோட்டையும்

கிழக்கே கோட்டை வாசலில் நின்று, "தம்பி, ராஜராஜன் கப்பல உடைச்சது இந்த இடத்துலதான்" என்றார் அண்ணாச்சி. சாலைக் கடைத்தெருவில் நாற்பதாண்டுகள் பலசரக்கு வணிகம் செய்தவர். சென்ற ஞாயிறன்று எனக்கு வழிகாட்டியாக வந்தார். கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவு. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

எதிரில் நின்ற கோட்டை மார்த்தாண்ட வர்மர் (1729–1758) காலத்தது. கடைத்தெருவோ அவருக்குப் பின்வந்த கார்த்திகைத் திருநாளின் திவான் ராஜா கேசவதாசன் அமைத்தது. இரண்டும் ராஜராஜனுக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் பிந்தியவை. ஆனால் பெயர் பழையது. பக்கத்திலேயே வலியசாலை உள்ளது. அங்குள்ள மகாதேவர் கோயிலையே காந்தளூர் என அறிஞர் பலர் அடையாளம் காண்கின்றனர். மலையாளி 'சால' என்பதும் தமிழர் 'சாலை' என்பதும் மல–மலை, தல–தலை போன்ற இயல்பான ஒலியுறவே.

அச்சாலை எத்தகையது? ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் சாலையொன்றை நிறுவியபோது, காந்தளூர் ஒழுங்கையே அதற்கு முன்மாதிரியாகக் கொண்டான். அச்செப்பேடு 95 சட்டர்க்கு இடம் ஒதுக்குகிறது: பவழியர் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14. வேதம் மட்டும் போதாது. இலக்கணமும் மூவரசர் நாட்டு வழக்கும் அறிந்திருக்க வேண்டும். உண்டு உறைந்து கற்கும் கல்விக்கூடம் என்பது இதனால் தெளிவு.

இனி 'கலமறுத்த' என்னும் தொடர். கலம் என்பது மரக்கலம், உண்கலம், முகத்தலளவை என மூன்றுக்கும் பொது. கப்பலை அழித்தான் என்பது ஒரு சாரார் கொள்கை. சாலையின் உணவு உரிமையை நீக்கினான் அல்லது திருத்தினான் என்பது மறுசாரார் கொள்கை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்கெனத் தனி நூலே எழுதினார். என் சாய்வு இரண்டாவதன் பக்கம். முதலாம் ராஜாதிராஜனும் முதலாம் குலோத்துங்கனும் இதே செயலைத் தமக்கும் உரிமை கொண்டாடுகின்றனர். ஒரே சாலையில் தலைமுறைதோறும் கப்பல் உடைபட்டதாகக் கொள்வது கடினம். 'அறு' என்னும் வினையும் கப்பலைவிட மானியத்துக்கே நன்கு பொருந்துகிறது. (இது முடிந்த முடிபன்று; மறுப்போர் எழுதுக.)

தேநீர்க் கடையில் இதையெல்லாம் அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார்.

"கப்பல உடைச்சான்னா பொறுத்துக்கலாம். படிக்கிற பிள்ளைகளுக்குச் சோத்தையா நிறுத்தினான்?"

வலியசாலை வரும்வரை அவர் வேறெதுவும் பேசவில்லை.