டைல்ஸுக்கு அடியில இருக்குற சரித்திரம்

பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போறவங்க பெரும்பாலும் சிற்பத்தைப் பார்ப்பாங்க, கொஞ்சம் ஆர்வம் இருந்தா கல்வெட்டைப் பார்ப்பாங்க. அடுத்த தடவை போனா, கருவறையின் வெளிச்சுவரில் இருக்கிற கோமுகியையும் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. உள்ளே சாமிக்கு ஊத்துற அபிஷேகத் தண்ணி வெளியே வர்ற வழி அது. சோழர் காலத்துக் கற்றளி. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் (நம்ம கல்வெட்டுகளில் கன்னரதேவன்) காலத்துக் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. ஆக, 10-ஆம் நூற்றாண்டு.

சாமி கோவிச்சுக்க மாட்டார்னா ஒண்ணு சொல்றேன். கருவறையும் ஒரு குளியலறைதான் :-) குடம் குடமா தண்ணி ஊத்துற இடம். ஊத்தின தண்ணி தேங்கக் கூடாது, சுவருக்குள்ள இறங்கக் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அதுக்கு வழி கண்டுபிடிச்ச ஊருல, போன வருஷம் போட்ட பாத்ரூம்ல ஏன் கதவோரம் தண்ணி நிக்குது?

"கொத்தனார் சரியில்லை"ன்னு ஒரே வரியில முடிச்சிடலாம். ஆனா கொஞ்சம் தோண்டிப் பார்த்தா இதுக்குள்ள ஒரு நீண்ட கதை இருக்கு.

தண்ணியைத் தடுக்குறது எது?

சிந்து சமவெளிக்குப் போவோம். மொகஞ்சதாரோவில் 1925-26 வாக்கில் தோண்டி எடுத்த பெருங்குளம் எல்லாரும் பாடப் புத்தகத்தில் படம் பார்த்ததுதான். சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, ஜிப்சம் சாந்து வச்சு நெருக்கமா அடுக்கியிருக்காங்க. ஆனா அந்தச் செங்கல்லை மட்டும் அவங்க நம்பல. அதுக்குப் பின்னாடி, கண்ணுக்குத் தெரியாத இடத்துல, நிலக்கீல் (தார் மாதிரியான பொருள்) ஒரு படலமா பூசியிருக்காங்க. தரை தென்மேற்கு மூலையைப் பார்த்துச் சரியுது. அங்கேதான் வடிகால்.

பாடம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு வாட்டம். இன்னொண்ணு மறைஞ்சிருக்கிற படலம். மேல தெரியுற செங்கல்லோ டைல்ஸோ அழகுக்கும், கழுவுறதுக்கும், தேய்மானம் தாங்குறதுக்கும்தான். தண்ணியைத் தடுக்கிற வேலை அடியில நடக்குது.

நம்ம பக்கத்துலயே அரிக்கமேடு இருக்கு. 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டினப்போ செங்கல் தொட்டிகளும், அதுக்குத் தண்ணி வந்து போக செங்கல் கால்வாய்களும் கிடைச்சுது. துணிக்குச் சாயம் போடுற தொட்டிகளா இருக்கலாம்னு வீலர் நினைச்சார். எதுக்கான தொட்டியா இருந்தாலும், தண்ணியைச் சொன்ன பக்கம் போக வைக்கிற கணக்கு அந்தக் கொத்தனாருக்குத் தெரிஞ்சிருக்கு.

வீட்டுக்குள்ள குளிக்காத காலம்

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் ரொம்ப நாளைக்கு வீட்டுக்குள்ள குளியலறையே கிடையாது. கிணத்தடியில ஒரு கல், சுத்தி ஒரு தென்னங்கீத்துத் தட்டி, அவ்வளவுதான். குளிச்ச தண்ணி வாழைக்குப் போயிடும். அதனால நம்ம கொத்தனார்களுக்குத் தண்ணியோட நடந்த உண்மையான சண்டை தரையில இல்லை, மொட்டை மாடியில.

மெட்ராஸ் டெரஸ் தளம் போட்டதைப் பார்த்தவங்க இன்னமும் இருக்காங்க. உத்திரத்துக்கு மேல செங்கல்லைக் குத்துவாட்டில் வச்சு, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பொம்பளைங்க வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள்கணக்கா அடிப்பாங்க. கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சுத் தெளிச்சு அடிப்பாங்க. கட்டை துள்ளுற அளவுக்கு இறுகின பிறகுதான் மேல தட்டோடு பதிக்கிறது. இதிலும் அதே ரெண்டு பாடம்தான் பாருங்க. அடிச்சு இறுக்கின தளம்தான் படலம். மழைத்தண்ணி குழாயைப் பார்த்து ஓடுறதுதான் வாட்டம்.

தட்டோடு தண்ணியை உறிஞ்சும். அதனால முதல்ல ஊற வைக்கணும். காய்ஞ்ச ஓட்டை அப்படியே வச்சா அது கலவையில இருக்கிற தண்ணியைக் குடிச்சுடும், கலவை இறுகாமலே உதிர்ந்துடும். "ஊறப் போடாம பதிக்காதே"ங்கிறது பரம்பரை பரம்பரையா வந்த சட்டம்.

பொருள் மாறிச்சு, கை மாறல

இந்தியாவுல எச் அண்ட் ஆர் ஜான்சன் நிறுவனம் 1958-ல் ஆரம்பிச்சாங்க. ஆஸ்பத்திரி, ஓட்டல்னு வெள்ளை டைல்ஸ் மெதுவா பரவிச்சு. அந்தச் சுவர் டைல்ஸும் மண்ணைச் சுட்டுச் செஞ்சதுதான். பின்பக்கம் நிறைய நுண்துளை. எடையில் 10 சதவீதத்துக்கு மேல தண்ணி உறிஞ்சும். ஆக தட்டோட்டுச் சட்டமே இதுக்கும் செல்லுபடியாச்சு. ராத்திரியே ட்ரம்முல ஊறப் போடு, காலையில சிமெண்ட் பால் தடவி ஒட்டு. நல்லாவே பிடிச்சுது.

90களுக்கு அப்புறம் வந்தது விட்ரிஃபைட் டைல்ஸ். ரொம்ப அதிக சூட்டில் கண்ணாடி மாதிரி இறுகினது. தண்ணி உறிஞ்சுறது 0.5 சதவீதத்துக்கும் கீழ. கடையில இதைத்தான் பெருமையா சொல்லி விப்பாங்க. ஆனா தண்ணியே போகாத இடத்துல சிமெண்ட் பால் எப்படி வேர் பிடிக்கும்? அதுக்குன்னு வேற பசை வேணும். அமெரிக்காவுல ஹென்றி ராத்பெர்க் 1950களிலேயே லேடெக்ஸ் கலந்த மெல்லிய ஒட்டுக் கலவையைக் கொண்டு வந்துட்டார். நம்ம நாட்டுல டைல்ஸ் ஒட்டும் பசைக்கு ஐ.எஸ். 15477 என்கிற தரக்கோடு வந்தது 2004-ல்.

தரக்கோடு வந்துது, சரி. அதை யாரு நம்ம ஊரு சாரத்து மேல ஏறி கொத்தனார்கிட்ட சொன்னாங்க?

எங்க வீட்டுக் கதை

வில்லியனூர் கொம்யூன்ல ஒரு கிராமத்துல எங்க வீடு. அம்மாவுக்கு வசதியா இருக்கட்டும்னு போன வருஷம் பழைய பாத்ரூமை இடிச்சு மாத்தினோம். தரைக்கும் சுவருக்கும் 2 அடிக்கு 1 அடி விட்ரிஃபைட். வேலை முடிஞ்ச மூணாவது வாரமே அம்மா ரூம் சுவர்ல ஓதம். கதவோரம் எப்பவும் ஒரு கை அகலத் தண்ணி. அம்மாவுக்கு 74 வயசு. அந்தத் தண்ணியில கால் வச்சா என்ன ஆகும்னு நினைச்சாலே எனக்குத் தூக்கம் போச்சு.

ஒரு நாணயத்தை எடுத்து டைல்ஸ் ஒவ்வொண்ணாத் தட்டினேன். கெட்டியா பிடிச்சது "டிக்"னு கேக்கும், அடியில காலியா இருந்தா "டொப்". "டொப்"க்கு எல்லாம் சாக்பீஸ்ல குறி போட்டேன். சுவர்ல மட்டும் 78-க்கு 33. அப்புறம் தரைத் துவாரத்தைத் துணியால அடைச்சு, ரெண்டு அங்குலம் தண்ணி நிறுத்தினேன். 24 மணி நேரத்துல மட்டம் இறங்கிடுச்சு, அம்மா ரூம் சுவர் இன்னும் நனைஞ்சுது.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். சாக்பீஸ் குறியைப் பார்த்ததும் முகம் சுருங்கிடுச்சு.

"22 வருஷமா இப்படித்தான் சார் ஒட்டுறேன். ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பார்ப்போம் மேஸ்திரி."

உளி வைக்க வேண்டிய வேலையே இல்லை, நெம்பினதும் அப்பளம் மாதிரி கையோட வந்துச்சு. நடுவுல வடை தட்டின மாதிரி ஒரு உருண்டைக் கலவை, அதுவும் சுவரோட நின்னுடுச்சு. டைல்ஸின் பின்பக்கம் கடையில வாங்கினப்போ எப்படி இருந்துதோ அப்படியே சுத்தம். நாலு மூலையும் காலி. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க மாமாகிட்ட கத்துக்கிட்ட தொழில் சார். அவரு காலத்துல ராத்திரியே ஊறப் போடுவோம். இப்ப கடைக்காரன் ஊறப் போடாதங்கிறான். ஏன்னு எவனும் சொல்லலயே."

அவர் சொன்னதுல பொய் இல்லை. ஆனா வாட்டம் தப்பினதுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. வாட்டம் புது டைல்ஸோட வந்த விஷயம் இல்லை, கோமுகி காலத்து விஷயம். அதையும் சொன்னேன். "சதுர அடிக் கணக்கு சார், வேகமா ஓடலைன்னா கட்டுப்படியாகாது"ன்னார். அதுவும் உண்மைதான். நூல் கட்டி, ரசமட்டம் வச்சுப் பார்க்குற அரை மணி நேரத்துக்கு யாரும் காசு தர்றதில்லை.

கடைசித் தவணை 6000 ரூபாய் என் கையில இருந்ததால பேச்சு முறிஞ்சு போகல. பசை, நீர்க்காப்புப் பூச்சு, புது டைல்ஸ், சித்தாள் கூலி என் செலவு. அவர் கூலி வாங்காம 5 நாள் வேலை. தரையை மொத்தமா பேர்த்து, வாட்டம் பிடிச்சு, ரெண்டு கோட் பூச்சு சுவர்ல ஒரு அடி உயரம் வரைக்கும் ஏத்தி அடிச்சோம். டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே தண்ணி நிறுத்தி ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம். இறங்கல. அப்புறம் பல்லு வச்ச கரண்டியால பசையை முழுசா இழுத்து ஒட்டினார். 6000-ஐக் கையில கொடுத்தேன். இப்போ அந்தச் சுவர் காய்ஞ்சு கிடக்கு. பக்கத்து ஊர்ல அடுத்த வேலைக்கு அவரே பசை வாங்கச் சொன்னதா கேள்விப்பட்டேன்.

வேலை தொடங்கப் போறவங்களுக்கு

1. எந்த வகை டைல்ஸ்னு பெட்டியில பாருங்க. விட்ரிஃபைட்னா ஊறப் போட வேணாம், பசை கட்டாயம். பசை மூட்டையில ஐ.எஸ். 15477 இருக்கான்னு பாருங்க.

2. டைல்ஸ் ஒட்டும் முன்னாடி 24 மணி நேரம் தண்ணி நிறுத்திப் பாருங்க. ஒட்டினப்புறம் தெரிஞ்சா எல்லாத்தையும் பேர்க்கணும்.

3. வாட்டத்துக்கு ஒரு குவளைத் தண்ணி போதும். கதவுகிட்ட ஊத்துங்க, துவாரத்துக்கு அதுவா ஓடணும்.

4. முதல் நாள் ஒட்டினதுல ஒண்ணை உடனே பிரிச்சுப் பாருங்க. பின்பக்கம் முழுக்கப் பசை இருக்கணும், வடை இருக்கக் கூடாது.

5. குளியலறையை மட்டும் சதுர அடிக் கணக்குல விடாம நாள் கூலிக்கு விடுங்க. கடைசித் தவணையைத் தட்டிப் பார்த்த பிறகு கொடுங்க, ஆனா பாத்துட்டா ஒரு நாளும் தள்ளாம கொடுத்துடுங்க. அந்தப் பணத்துலதான் அவங்க வீட்டு அடுப்பு எரியுது.